ஆட்டை விற்று வாங்கிய செருப்பு

அக்கா,

இன்று பென்னாகரம் சந்தையில் செருப்புக் கடை முன்னால் நின்றேன். புதுத் தோலும் ஆமணக்கெண்ணெயும் கலந்த வாசனை, வெயில் ஏற ஏறக் காட்டமாக வந்தது. கடைக்காரர் என் காலை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாக்குக்கு அடியிலிருந்து மெல்லிசான ஜோடி ஒன்றை எடுத்துப் போட்டார். "பொம்பளைங்களுக்கு இது போதும்மா" என்றார். சுற்றிலும் ஆட்கள் நிற்கிறார்களே என்றும் பாராமல், "எனக்கு எது போதும்னு நான் சொல்றேன். மேல தொங்குதே, அத எடுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் அது உங்கள் பேச்சு என்று உறைத்தது. அதே சந்தையில், அதே வார்த்தைகளை நீங்கள் சொல்லிக் கேட்டவள் நான்.

உங்கள் கொழுந்தனாருக்கு வாழ்க்கைப்பட்டு நான் அந்த வீட்டுக்கு வந்த காலத்தில் ஊரில் எந்தப் பெண்ணின் காலிலும் செருப்பு கிடையாது. ஆண்கள் போட்டிருந்தார்கள், வருஷம் ஒன்று. அறுந்தால் கம்பி கட்டி இழுத்துக்கொண்டு நடப்பார்கள். பங்குனி, சித்திரையில் காட்டோரத்து மரங்களில் புளி உலுக்கிச் சுமந்து வருவது நாம். தலையில் மூட்டை, காலடியில் கருவேல முள். மூட்டை கண்ணை மறைக்கும், முள் தெரியாது. மாலையில் வாசலில் உட்கார்ந்து ஊசியால் ஒருவர் பாதத்தை ஒருவர் நோண்டுவதுதான் நமக்குப் பொழுதுபோக்கு.

பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியின் சாவு உங்களை மாற்றிவிட்டது என்று நினைக்கிறேன். குதிகாலில் முள் ஏறி உள்ளேயே ஒடிந்துவிட்டது. சாணியை வைத்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். சில நாளில் தாடை இறுகி, கஞ்சி ஊற்றவும் வாய் திறக்காமல், உடம்பு வில்லாக வளைந்து செத்துப் போனாள். எழவு வீட்டில் எல்லோரும் அவள் விதி என்றார்கள். நீங்கள் மட்டும், "விதி என்ன விதி. கால்ல செருப்பு இல்ல, அவ்வளவுதான்" என்றீர்கள். அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு உங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த சந்தைக்கு நீங்கள் வளர்த்த வெள்ளாட்டை ஓட்டிக்கொண்டு போனீர்கள். நானும் கூட வந்தேன். ஆட்டை விற்ற கையோடு நேராகச் செருப்பு தைக்கிறவரிடம் போய் நின்றீர்கள். அவரும் இன்றைக்கு நடந்த மாதிரியே மெல்லிசான ஜோடியைத்தான் முதலில் எடுத்துப் போட்டார். நீங்கள் அதைக் கையில் வாங்கி வளைத்துப் பார்த்துவிட்டு, "எனக்கு எது போதும்னு நான் சொல்றேன்" என்று திருப்பிக் கொடுத்தீர்கள். எருமைத்தோலில் இரட்டை அடி வேண்டும், ஆணி அடிக்காமல் தோல்வாரால் தைத்துக் கொடுக்க வேண்டும் என்றீர்கள்.

"அது வெல ஜாஸ்தியாவும்மா. ஆம்பளைங்களே அப்படிக் கேக்கறதில்ல" என்றார் அவர்.

"அவங்க தலையில புளி மூட்ட இல்லையே அண்ணா."

அவர் உங்கள் காலுக்கு அளவு எடுத்து, பொழுது சாய்வதற்குள் தைத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை தலையில் அடித்துக்கொண்டார். "வளத்த ஆட்ட வித்துக் கால்ல மாட்டிக்கிட்டு வந்து நிக்கறா பாரு. அந்தக் காசுக்கு வூட்டுல எல்லாரு காலுக்கும் வாங்கியிருக்கலாமே."

"எல்லாருக்கும் வாங்கியிருப்பேன், ஆடி வரைக்கும் தாங்காதுங்க அத்த. அறுந்து போறத வருஷா வருஷம் வாங்க நம்மகிட்ட ஏதுங்க காசு?"

அத்தை முணுமுணுத்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டார். ஊர் அத்தையைப் போல விட்டுவிடவில்லை. நீங்கள் தெருவில் நடந்தால் பின்னால் சிரித்தார்கள். அந்த வருஷம் கோடை மழை தவறியது, பழி உங்கள் காலில் வந்து விழுந்தது. பொம்பளை செருப்பு போட்டு நடந்தால் மாரியம்மனுக்கு ஆகுமா என்று மணியக்காரர் ஊரைக் கூட்டினார். பெரிய மாமா, உங்கள் வீட்டுக்காரர், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். உங்களுக்காக அங்கே வாய் திறக்க ஒருவரும் இல்லை.

"மொதல்ல செருப்பக் கழட்டிக் கையில எடு. அப்புறம் பேசு" என்றார் மணியக்காரர்.

நீங்கள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. "கோயில் வாசல்ல கழட்டறனுங்க. சாமி முன்னால கழட்டறேன். உங்க முன்னால எதுக்குங்க?"

அந்த வருஷம் பண்டிகைக்கு நம் வீட்டு மாவிளக்கு வேண்டாம் என்றார்கள். நம் மூட்டையை எந்த வண்டியும் ஏற்றக்கூடாது, உள்ளூரில் யாரும் நம் புளியை வாங்கக்கூடாது என்றும் முடிவானது. அதோடு நீங்கள் அடங்கிவிடுவீர்கள் என்று நினைத்திருப்பார்கள்.

மறுநாள் விடியும்போது நீங்கள் என்னை எழுப்பி, "தருமபுரி மண்டிக்கு நடந்தே போவலாம், வா" என்றீர்கள். அவ்வளவு தூரம் நான் மூட்டையோடு நடந்ததே இல்லை. வெயில் ஏறியதும் சாலைப் புழுதி அடுப்புச் சாம்பலாகக் கொதித்தது. நான் நொண்டுவதைப் பார்த்து ஒரு புளியமரத்தடியில் மூட்டையை இறக்கச் சொன்னீர்கள். உங்கள் செருப்பைக் கழற்றி என் முன்னால் தள்ளினீர்கள். வேண்டாம் என்றேன். "போடு. அடுத்த நெழலு வர்ற வரைக்கும் உனக்கு. அப்புறம் எனக்கு" என்றீர்கள். அப்படியே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நாம் இரண்டு பேரும் தருமபுரி போய்ச் சேர்ந்தோம். மண்டி வைத்திருந்த பாய் புளியைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தார். உள்ளூரில் கிடைத்ததைவிட நல்ல விலையே போட்டார். நடந்தா வந்தீர்கள் என்று அவர் கேட்டதற்கு, "பின்ன, பறந்தா வருவோம்?" என்றீர்கள். அவர் சிரித்துவிட்டு மோர் வரவழைத்துக் கொடுத்தார்.

அந்தப் பருவம் முழுக்க நடந்தோம். முடிவில் எனக்கும் ஒரு ஜோடி வந்தது, அதே எருமைத்தோல், அதே தோல்வார்த் தையல். அடுத்த வருஷம் மழை கொட்டியது. யாரும் உங்களிடம் வந்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொருத்தியாகப் புழக்கடைப் பக்கம் வந்து, அடித்தோலைத் தட்டிப் பார்த்து, எங்கே தைத்தது என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

யுத்த காலத்தில் விஷக்காய்ச்சல் உங்களைக் கொண்டுபோயிற்று. துணிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஊரே அல்லாடிய நேரம். அப்படியும் உங்களுக்குப் பூப்பல்லக்கு கட்ட வேண்டும், தருமபுரியிலிருந்து மேளம் வர வேண்டும் என்று பெரிய மாமா பிடிவாதமாக நின்றார். கடன் வாங்கியாவது செய், ஊர் மெச்ச வேண்டும் என்று மணியக்காரரும் சொன்னார். ஆண்கள் பேசிக்கொண்டிருந்த இடத்துக்குப் போய் அதுவரை நான் நின்றதில்லை. அன்று போனேன்.

"அக்கா நடந்தப்ப ஒரு வண்டி ஏத்திக்கல. இப்பத் தூக்கிட்டுப் போவப் பல்லக்கு எதுக்குங்க? மூங்கிலும் தென்னங்கீத்தும் போதும். அந்தக் காசுல அவங்க மவளுக்குச் செருப்பு தைக்கணும். அவ நாளைக்கும் நடக்கணுங்க."

அத்தை என் கையைப் பிடித்து இழுப்பார் என்று நினைத்தேன். அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். "சின்னவ சொல்றபடி செய்யுங்க" என்றார். மூங்கிலில்தான் போனீர்கள் அக்கா. ஊர் இன்றைக்கும் அதைக் குறையாகச் சொல்கிறது. சொல்லட்டும். உங்கள் மகள் போன தையில் கல்யாணமாகி அரூர்ப் பக்கம் போனாள். புகுந்த வீட்டு வாசல் வரைக்கும் செருப்புப் போட்டுக்கொண்டே நடந்தாள். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்ததை நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள்.

தருமபுரிச் சாலையில் உங்கள் செருப்பைப் போட்டு நடந்த அந்த முதல் தடவை எனக்கு என்ன ஆயிற்று என்று உங்களிடம் சொன்னதே இல்லை. பிறந்ததிலிருந்து முள்ளுக்குப் பயந்து தரையைப் பார்த்தே நடந்தவள் நான். அன்று தலையை நிமிர்த்தினேன். தூரத்தில் வத்தல்மலை நீலமாக நின்றது. அதுவரை அதை நடந்துகொண்டே பார்த்ததில்லை. அந்தப் பார்வையை இன்னும் விடவில்லை அக்கா. தெருவில் மணியக்காரர் எதிரே வந்தாலும் நேராகப் பார்த்துத்தான் நடக்கிறேன். வேண்டுமானால் அவர் தரையைப் பார்த்துக்கொள்ளட்டும்.