உப்புப் போட்ட கஞ்சி

அன்பு மச்சானுக்கு,

ஆஸ்பத்திரிக்கு நேரில் வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறீர்கள். அதனால் எழுதி, சிதம்பரம் பஸ் ஏறும் தம்பியிடம் கஞ்சியோடு கொடுத்துவிடுகிறேன்.

மனநோய்க்கென்று கொடுத்த முதல் மாத்திரை உங்களைப் பகலெல்லாம் தூங்கவைத்தது. அடுத்தது உடம்பை ஊதவைத்தது. மூன்றாவதில்தான் தூக்கமில்லாத பேச்சும் நின்றது, பேச்சில்லாத படுக்கையும் நின்றது. சிப்காட் வேலைக்குக்கூடத் திரும்பினீர்கள். அப்படித் தேறிய மனுஷனை நான் ஒரு வருஷம்கூட முழுசாகப் பார்க்கவில்லை.

அந்த நன்றிக்குத்தான் தவக்காலம் முழுக்க உப்பில்லாமல் சாப்பிடுவதாக மாதாவிடம் நேர்ந்துகொண்டீர்கள். நானும் சந்தோஷமாக அப்படியே சமைத்தேன்.

கை நடுங்கி, நாக்குக் குழறி நீங்கள் விழுந்தபிறகுதான் டாக்டரம்மா சொன்னார்கள்: "உப்பு கொறைஞ்சா இந்த மாத்திரை ரத்தத்துல ஜாஸ்தியாயிடும்மா. கிட்னி கெட்டிருக்கு. இனிமே இதக் குடுக்க முடியாது."

புது மாத்திரையைத் துப்பிவிடுகிறீர்களாம். "மாதாவே கைவுட்டுட்டாங்க, இது மட்டும் கேக்குமாடி?" என்று என்னிடமும் கேட்டீர்கள். கேட்குமா என்று எனக்குத் தெரியாது. டாக்டரம்மாவுக்கும் தெரியாது. கேட்காவிட்டால் இன்னொன்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஈஸ்டருக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆனாலும் கஞ்சியில் உப்புப் போட்டிருக்கிறேன். நேர்ச்சையை முறித்த பாவம் எனக்கு வரட்டும். குடித்துவிட்டு மாத்திரையை முழுங்குங்கள்.

உங்கள் வீட்டுக்காரி