வலது பக்கத்துப் பெட்டி

பிப்ரவரி 3, 1977. வியாழன்

கடும் பனி. சைக்கிளில் கம்பெனிக்குப் பன்னிரண்டே நிமிடம். இந்தக் கும்மிடிப்பூண்டியில் அந்த வேகத்தில் மிதிக்கிறவன் நான் ஒருவன்தான். (பதினெட்டு என்று வைத்துக்கொண்டாலும் வேகம்தான்.)

கம்பி உருட்டும் ஷெட்டில் இரண்டு மோட்டார் பார்த்தேன். ஸ்க்ரூடிரைவர் முனை பேரிங் மேல், பிடி காதில். வழக்கம்போல. இரண்டும் பால் மாதிரி ஓட்டம். இப்போதெல்லாம் பேரிங் நன்றாகச் செய்கிறான். முன்பு தவளையாகக் கத்தும். பதினாலு வருஷத்தில் ஒரு மோட்டாரும் என் காதை ஏமாற்றியது கிடையாது. ஜெனரல் மேனேஜரே சொன்னார். அவர் டிரைவர் சொன்னான், அதுவும் அவர் சொன்ன மாதிரிதான்.

மதியம் மாப்பிள்ளை தேவராஜ் கம்பெனி கேட்டில் வந்து நின்றான். தங்கை ஜெகதாவின் வீட்டுக்காரன். கவரப்பேட்டைக்கு அந்தப்பக்கம் நிலம். நெல்லை மண்டியில் விற்ற கையோடு ஓடி வந்திருக்கிறான். முகமெல்லாம் பல். ஜெகதா சரி என்றுவிட்டாளாம். பத்து வருஷமாக அவன் கேட்டு, அவள் மாட்டேன் என்ற விஷயம்: பாட்டுக் கேட்க ஒரு ஜோடி உசத்தியான ஸ்பீக்கர் பெட்டி. மேஜையில் வைக்கிறதில்லை, தரையில் இடுப்பு உயரம் நிற்கிறது. ரெக்கார்ட் பிளேயர், ஆம்ப்ளிஃபையர் இரண்டும் வைத்திருக்கிறான். அதில் மாட்டியிருக்கும் ஸ்பீக்கர் செத்த ரேடியோவில் பிடுங்கியது. நாயனத்தட்டு போட்டால் தொண்டை கட்டின ஆடு.

ஜெகதாவின் கெடு வருகிற அமாவாசை. அதற்குள் பெட்டி அமையாவிட்டால் பணம் பம்பு செட்டுக்கு. அப்புறம் இந்த ஜன்மத்தில் பெட்டிப் பேச்சு எடுக்கக் கூடாது.

“நீ கேட்டு நல்லாக்கீதுன்னு ஒரு வார்த்த சொல்லு மச்சான். கண்ண மூடிக்கினு வாங்கிடுவேன்” என்றான்.

மெட்ராஸ் தியேட்டர்களுக்கே பெட்டி பொறுக்கிக் கொடுத்தவன் நான் என்றேன். டூரிங் கொட்டாயில் ஒரு மாசம் ஒயர் பிடித்ததைச் சொல்கிறேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பிப்ரவரி 5, சனி

வயிற்றுவலி என்று லீவு. மாப்பிள்ளையோடு மெட்ராஸ். சென்ட்ரலில் நாஷ்டா, இட்லி கல். மவுண்ட் ரோட்டில் மூன்று கடை.

பெட்டி பார்க்க என் முறை (யாருக்கும் சொல்வதில்லை):
— முதுகில் விரல் முட்டியால் தட்ட வேண்டும். பழுத்த பலா மாதிரி ‘தொம்’. ‘டக்’ என்றால் தக்கை மரம்.
— தூக்கிப் பார்க்க வேண்டும். இடுப்பு பிடித்தால் நல்ல சாமான்.
— மேலே டம்ளரில் தண்ணீர். அலை வரலாம், டம்ளர் நகரக் கூடாது.
— கடைசியாக நட்டநடுவில் நின்று காது.

முதல் கடை. தட்டல் சரி, கனம் சரி, டம்ளர் சரி. நடுவில் நின்றேன். வலது பெட்டி கம்மி. சொன்னேன். கடைக்காரர் இரண்டும் ஒரே நாள் வந்த சரக்கு என்றார். வெளியே வந்துவிட்டோம்.

இரண்டாவது கடை. அதிலும் வலது கம்மி.

மூன்றாவது கடையில் உள்ளே போகும்போதே மாப்பிள்ளையிடம் சொல்லி வைத்தேன், பார், வலது கம்மியாக இருக்கும் என்று. அப்படியே இருந்தது. மெட்ராஸ்காரன் இடது பெட்டியை ஒழுங்காகச் செய்து, வலதை மட்டமாகப் போட்டுத் தலையில் கட்டுகிறான். இத்தனை வருஷமாக ஒருத்தன் கண்டுபிடிக்கவில்லை. நான் கண்டுபிடித்தேன்.

திரும்பும்போது ரயிலில் எதிர் சீட்டுக்காரரிடம் மாப்பிள்ளை இதையே சொல்லிக்கொண்டு வந்தான். பொன்னேரி வரை கடலை தின்றேன். சட்டையில் மை. எங்கே என்று தெரியவில்லை.

பிப்ரவரி 6, ஞாயிறு

வெயில். காலை பத்து மணி, கம்பெனி குவார்ட்டர்ஸ். மிஷின் மாட்ட வந்த ஜெர்மன் எஞ்சினியருக்கு வேலை முடிந்துவிட்டது. அடுத்த ஞாயிறு ஊருக்குப் போகிறார். நாங்கள் துரை என்போம். கட்டில், ஃபேன், மீன்பிடி தூண்டில் என்று எல்லாம் விற்கிறார். அதில் ஒரு ஜோடி பெட்டி. கப்பலில் வந்தது.

மாப்பிள்ளை, ஜெகதா, நான். மாப்பிள்ளை வீட்டு நாயனத்தட்டைத் துண்டில் சுற்றிக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான்.

தட்டினேன். ‘தொம்’. தூக்கினேன். தரையை விட்டு வரவில்லை. டம்ளர் அசையவில்லை. துரை தட்டை வாங்கி ஊதித் துடைத்து முள்ளை இறக்கினார்.

எப்படி எழுதுவது. நாயனக்காரர் சீவாளியை வாயில் வைக்குமுன் மூச்சு இழுத்தார், அது கேட்டது. தவில் அடி தரை வழியாக வந்து முழங்காலில் ஏறியது. மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டான். அவன் கல்யாணத்தில் கூட நான் அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

நடுவில் போய் நின்றேன். வலது கம்மி. துரையிடம் கையைக் காட்டிச் சத்தமாகச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. சிரித்துக்கொண்டே பின்னால் போய் வலது ஒயரைப் பிடுங்கி இடதில், இடது ஒயரை வலதில். அப்போதும் வலதுதான் கம்மி என்றேன். பெட்டிகளையும் இடம் மாற்றச் சொன்னார். நானும் மாப்பிள்ளையும் அணைத்து நகர்த்தினோம். பழைய வலது இப்போது இடதில். மறுபடி முள்.

இப்போது இடது கம்மியாக வர வேண்டும்.

வலதுதான் கம்மி.

மூன்று கடை. இந்த அறை. ஒயர் மாறியாயிற்று, பெட்டி மாறியாயிற்று. மாறாமல் நின்றவன் நான் ஒருவன்.

ஜெகதா கதவோரம் நின்று, “இன்னாண்ணா இது, ரெண்டும் ஒண்ணாத்தான கேக்குது” என்றாள். என்னை மட்டம் தட்ட நினைத்துச் சொன்னதில்லை. கேட்டதைச் சொன்னாள்.

“தாளிக்கிற சத்தம் கேக்கிற காதுக்கு இது கேக்காது. சும்மா இரு” என்றேன்.

மாப்பிள்ளை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். என் வாய் தானாகப் பேசியது.

“வாணாம் மாப்ள. உள்ளுக்குள்ள அடிபட்ட பொட்டி. கப்பல்ல வந்ததுல்ல.”

அவன் தட்டை எடுத்தான், துண்டால் துடைத்தான், சுற்றினான். துரை தோளைக் குலுக்கிவிட்டு எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்தார். தின்றேன்.

பிப்ரவரி 7, திங்கள்

கைக்கடிகாரத்தைக் கழற்றி இடது காதில் வைத்தேன். டிக் டிக். வலது காதில் வைத்தேன். அழுத்தினேன். சாவி கொடுத்துவிட்டு மறுபடி. கடிகாரம் நின்றுவிட்டதோ என்று முள்ளைப் பார்த்தேன். ஓடுகிறது.

ஸ்க்ரூடிரைவர் பிடிக்கும் காது வலது. ஷெட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, வியாழக்கிழமை ‘பால்’ என்று எழுதின மோட்டாரை இடது காதில் வைத்துக் கேட்டேன். உள்ளே கல் அரைக்கிறது. பேரிங்கைக் கழற்றி வேறு போட்டேன். ஏன் என்று மேஸ்திரி கேட்டதற்கு எனக்கு முன்னாலேயே சந்தேகம் என்றேன். பலே என்றார்.

காது போனது கம்பெனிக்குத் தெரிந்தால் கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார வைப்பான். அது சரி. ஆனால் மாப்பிள்ளையிடம் சொன்னால் கம்பெனிக்கு எப்படித் தெரியும்? தெரியாது. வெட்கம். அவ்வளவுதான். இதை எழுத அரை மணி நேரம்.

மண்ணெண்ணெய் வாங்க வேண்டும். பல் தேய்க்கிற பொடி. செருப்பு வார்.

பிப்ரவரி 8, செவ்வாய்

சொல்லிவிடலாம். இன்னும் ஐந்து நாள் பெட்டி துரை வீட்டில்தான் இருக்கும். போனால் ஒரு நிமிட வேலை. மாப்ள, பெட்டி நல்ல பெட்டி, காதுதான் பழுது. அவ்வளவுதானே.

எப்படிச் சொல்வது என்று ஷிஃப்ட் முழுக்க ஒத்திகை. ஒவ்வொரு தடவையும் நடுவில் ஏதோ ஒரு கதை சேர்ந்துகொள்கிறது. பாய்லர் வெடித்தது, நான் பாய்ந்து நாலு பேரைக் காப்பாற்றியது, அதில் காது போனது என்று. பாய்லர் வெடிக்கவில்லை. தினம் எட்டு மணி நேரம் கம்பி உருட்டும் சத்தம், பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், நான் வைத்துக்கொள்ளவில்லை. பஞ்சு பயந்தவனுக்கு என்றேன்.

பிப்ரவரி 10, வியாழன்

ஷிஃப்ட் முடிந்து நேரே கவரப்பேட்டை. சொல்லிவிடத்தான் போனேன். சாமி சத்தியம்.

ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் மாப்பிள்ளை. சுற்றிப் பத்துப் பேர். என்னைப் பார்த்ததும் பெஞ்சில் இடம் விடச் சொன்னான். நான் வருவதற்கு முன்பே கதை பாதி ஓடியிருக்கிறது.

“துரை ஒயர மாத்தினான், பொட்டிய மாத்தினான். எங்க மச்சான ஏமாத்த முடியல. வெள்ளக்காரன் பொட்டியிலயே கொற கண்டுபுடிச்சாரு. இவரு இல்லன்னா நான் பேஜாராயிருப்பேன்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு கிழவர் எழுந்து கும்பிட்டார். நான் செய்தது: டீயை வாங்கி ஒரு மிடறு குடித்துவிட்டு, கடைசியில் துரை என் கையைக் குலுக்கி, இந்தக் குறை எனக்கும் தெரியும், உன் மாதிரி ஆள் எங்கள் ஊரில் இல்லை என்று சொன்னதாகச் சொன்னேன். இங்கிலீஷில் சொன்னார் என்றும் சேர்த்தேன்.

வீட்டில் ஜெகதா வாளைக் கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள். ஹாலில் பெட்டி வைக்க மாப்பிள்ளை ஒதுக்கிய இடத்தில் இரண்டு சதுரம் சாக்பீஸால் போட்டிருக்கிறது, இன்னும் அழிக்கவில்லை. நெல் மூட்டையை அதன் மேல் படாமல் தள்ளி வைத்திருக்கிறார்கள். மூன்று தடவை வாயைத் திறந்தேன். மூன்று தடவையும் சோறு கேட்டேன்.

பிப்ரவரி 12, சனி

காலை மப்பு. மழை இல்லை.

ஒரு வழி தோன்றியது. மாப்பிள்ளையிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், முதலில் துரையிடம் பெட்டியை நிறுத்திவைக்கச் சொல்வோம். ஷிஃப்ட் முடிந்து குவார்ட்டர்ஸுக்கு ஓடினேன். ஓடினேன் என்பது நிஜம், சைக்கிளை கேட்டிலேயே மறந்துவிட்டேன்.

பெட்டிகள் மேல் சாக்கு போர்த்திக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றில் ஒரு அட்டை. மெட்ராஸ் டாக்டர் ஒருவர் பேர். நேற்றே பணம் கொடுத்துவிட்டாராம். நாளை காலை லாரி.

துரையிடம் கையை ஆட்டி, காதைத் தொட்டு, நெஞ்சைத் தொட்டு என்னென்னமோ செய்தேன். அவர் பாவம், ஊருக்குப் போகிறார் என்று நான் வருத்தப்படுவதாக நினைத்துக்கொண்டார். கட்டிப் பிடித்து, தன் தூண்டிலை என் கையில் கொடுத்துவிட்டார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 13, ஞாயிறு

லாரிக்கு ஆள் பற்றவில்லை என்று வாட்ச்மேன் கூப்பிட்டான். போனேன். ஒரு பெட்டியை நான் ஒற்றை ஆளாக ஏற்றினேன். இல்லை. நாலு பேர். நான் பின்பக்கம் பிடித்தேன். கன்னம் மரத்தில் பட்டது. வழவழவென்று சில்லென்று இருந்தது.

எது வலது, எது இடது என்று தெரியவில்லை. இரண்டும் ஒன்றுதான்.

லாரி ஹைவேயில் ஏறும்வரை நின்றேன்.

பிப்ரவரி 18, வெள்ளி. அமாவாசை

மாப்பிள்ளை நிலத்தில் பம்பு செட். தேங்காய், எலுமிச்சை, கற்பூரம். ஊரே வரப்பில் நின்றது. என் கையால்தான் ஸ்விட்ச் போட வேண்டும் என்று மாப்பிள்ளை பிடிவாதம். போட்டேன். தண்ணீர் பாய்ந்தது. மோட்டார் எப்படி என்று கேட்டுச் சொல்லச் சொன்னான், ஸ்க்ரூடிரைவரும் அவனே கொண்டுவந்திருந்தான். இடது காதில் வைத்தேன். நல்ல மோட்டார். நல்ல மோட்டார் என்றேன். கை தட்டினார்கள்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு நாங்கள் இரண்டு பேர்தான் தொட்டி ஓரம். ஒத்திகை பார்த்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பாய்லரும் வரவில்லை.

“மாப்ள. அந்தப் பொட்டில கொற இல்ல. என் சோத்தாங்கை பக்கத்துக் காது போயிடுச்சு. அதான் கம்மியா கேட்டுச்சு.”

அவன் காலைத் தண்ணீரிலிருந்து எடுத்தான்.

“எப்பத் தெரிஞ்சுது?”

“துரை பொட்டிய மாத்தி வச்சாரே, அப்ப.”

“அப்பவேவா?”

“அப்பவே.”

திட்டுவான் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, எனக்குச் சொல்வது மாதிரி இல்லாமல் சொன்னான்.

“மொதல்ல ரெண்டும் ஜோராத்தான் கேட்டுச்சு மச்சான். நீ கம்மின்னு சொன்ன பொறவு, எனக்கும் கம்மியாத்தான் கேட்டுச்சு.”

எழுந்து போய் மோட்டாரை நிறுத்தினான். வீட்டுப் பக்கம் நடந்தான்.

ஜெகதா இலை போட்டுவிட்டுக் கூப்பிட்டு அனுப்பினாள். பசியில்லை என்று சொல்லிவிட்டேன். நான் எப்போது வந்தாலும் மாப்பிள்ளை ஸ்டேஷன் வரை கூட வந்து, ரயில் கிளம்பும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசுவான். இன்று மூணரை வண்டிக்குத் தனியாக நடந்தேன்.