முன் இடது சக்கரம்

மக்கா,

முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள். ஓர் எழுத்து பெரிதாகவும் அடுத்தது எறும்பு போலவும் வருகிறது. ஒரு பக்கம் காற்றுக் குறைந்த வண்டி போல வரிகள் போகப்போக வலது பக்கம் இறங்கிவிடுகின்றன. ஸ்பானரைப் பிடிக்கிற பிடியில் பேனாவைப் பிடிக்கிறேன் என்று டீச்சர் சொல்கிறார். தினமும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து, ஆறு நாளில் இதை எழுதியிருக்கிறேன்.

எழுபத்தொரு வயதில் எழுதப் படித்துவிட்டேன். நம் பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் ஒரு மணி நேரம் வகுப்பு. நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் பதினாறு பேர், ஆண்பிள்ளை நான் ஒருவன். முதல் மாதம் அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். இப்போது பக்கத்தில் இருக்கும் அம்மாள் என் நோட்டைப் பார்த்து எழுதுகிறாள். திருவட்டாறு பஸ்ஸை யாரிடமும் கேட்காமல் ஏறுகிறேன். கடை போர்டு, கல்யாணப் போஸ்டர், பிஸ்கட் பாக்கெட் எதையும் விடுவதில்லை. இத்தனை காலம் ஊர் முழுக்க என்னைச் சுற்றிப் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, எனக்குத்தான் காது கேட்கவில்லை.

போன வாரம் மகளின் காரில் ஒரு ஹெட்லைட் எரியவில்லை. புது பல்பு வாங்கி வந்தேன். பெட்டிக்குள் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. முன்பெல்லாம் அதை அப்படியே கசக்கிப் போடுவேன். இந்தத் தடவை விரித்தேன். பல மொழிகளுக்கு நடுவில் தமிழும் இருந்தது. கூட்டிக்கூட்டி வாசித்தேன். பல்பின் கண்ணாடியை விரலால் தொடக்கூடாது என்று போட்டிருந்தது. பானெட்டைத் திறந்தபடி நின்று சிரித்தேன். நீ சொன்னதேதான். "விரல்ல எண்ணெ இருக்கும் மக்கா. சூடேறினா அந்த இடம் மட்டும் வெடிச்சிரும். துணியால பிடி." உன் வாயிலிருந்து கேட்டு நாற்பது வருடம் நான் செய்த வேலை, அச்சில் இருக்கிறது.

உடனே உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அடுத்த நிமிடம் சிரிப்பு போய்விட்டது. உன்னிடம் சொல்ல வேண்டியது இது இல்லையே என்று நினைத்தேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியாது. இருபத்தாறு வருடம் ஒரே பட்டறை. நீ டயருக்கும் லைட்டுக்கும், நான் வண்டி எடுக்கவும் கொண்டுவிடவும், வழியில் நின்ற வண்டியை ஜீப்பில் கட்டி இழுத்து வரவும். லைசென்ஸில் போடுகிற கையெழுத்தை மட்டும் படம் வரைவது போலப் பழகி வைத்திருந்தேன். சாயாக் கடையில் நீ பேப்பரை என் பக்கம் தள்ளினால், "நான் காலையிலேயே பாத்தாச்சு, நீ வாசி" என்பேன். நீயும் சத்தமாக வாசிப்பாய். மறுநாள் அதே செய்தியை நான் வேறொருவரிடம் சொல்வேன். ஒருநாளும் உனக்குச் சந்தேகம் வரவில்லை. என்னை நீ சந்தேகப்படுகிற ஆள் இல்லை.

ஆரல்வாய்மொழி நினைவிருக்கிறதா? அந்தக் கணவாய்க் காற்றில் ஒரு கார் நின்றுபோய் நாம் எடுக்கப் போனோம். நான் ஜீப்பில், நீ பின்னால் அந்தச் செத்த காரில். கயிற்றைப் பம்பரில் கட்டப் போன என் கையைத் தட்டிவிட்டு, கீழே குனிந்து சேசிஸ் கொக்கியில் நீயே கட்டினாய். ஜீப்பின் பிரேக் லைட் எரிகிறதா என்று என்னை மிதிக்கச் சொல்லிப் பார்த்தாய். ஒன்று எரியவில்லை. காற்றில் வேட்டி பறக்க, அங்கேயே பல்பை மாற்றினாய். "எஞ்சின் ஓடாத வண்டியில பிரேக் கல்லு மாதிரி இருக்கும் மக்கா. உனக்க லைட்டு எரியுததப் பாத்துதான் நான் காலை அமுக்கணும். நான் ரோட்டப் பாக்கல, உன்னத்தான் பாக்கேன்" என்றாய். கயிறு தொய்யாமல் வீடுவரை வந்தோம்.

அப்படி என் முதுகைப் பார்த்து வந்தவனிடம்தான் நான் பொய் சொன்னேன்.

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. வேலை பாதியில் நிற்கிற வண்டியின் ஸ்டியரிங்கில் நீ எழுதி ஒட்டிவிட்டுத்தான் போவாய். வேலை முடிந்த வண்டியிலும் ஒரு சீட்டு இருக்கும். எனக்கு இரண்டையும் வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தேன். பாதி வேலைக்கு நீ சுவரில் தொங்கும் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து அதன் பின்னால் எழுதுவாய். முடிந்த வேலைக்கு பில் புத்தகத்தின் தாள். காலண்டர் தாள் என்றால் தொடக்கூடாது, பில் தாள் என்றால் எடுக்கலாம். எட்டு வருடம் இந்தக் கணக்கு தப்பவில்லை.

அன்று ரிட்டயரான தலைமை ஆசிரியரின் வெள்ளைக் கார். முன் இடது டயரை மாற்றிக்கொண்டிருந்தாய். நான்கு நட்டில் இரண்டுக்கு மரை தேய்ந்துபோயிருந்தது. ஜாக்கி வேறொரு வண்டிக்கு வேண்டும் என்று கேட்டார்கள். மிச்ச இரண்டு நட்டையும் கையால் சும்மா ஏற்றி, வண்டியை இறக்கிவைத்துவிட்டு, புது நட்டு வாங்க நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினாய். செல்போன் நம் கைக்கு வராத காலம். காலண்டரில் அன்றைய தாளை வேறு யாரோ அதற்கு முன்பே கிழித்துவிட்டிருந்தார்கள். நீ பில் தாளில் எழுதி ஒட்டிவிட்டுப் போனாய்.

நான் வந்தேன். ஆசிரியரும் வந்தார். ஸ்டியரிங்கில் பில் தாள் இருந்தது. அதை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அவரைப் பக்கத்தில் ஏற்றி வண்டியை எடுத்தேன்.

சானல் வாய்க்கால் கரை வளைவில் ஸ்டியரிங் நடுங்கியது. வேகத்தைக் குறைப்பதற்குள் சக்கரம் தனியே கழன்று எங்களுக்கு முன்னால் உருண்டோடி வயலில் விழுந்தது. வண்டி மதகுச் சுவரில் இடித்து நின்றது. ஆசிரியரின் தோள் எலும்பு உடைந்தது. அவரை ஓர் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு நான் கரையில் உட்கார்ந்திருந்தேன்.

சேதி கேட்டு நீ ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்தாய். பையில் புது நட்டுகள். முதலில் என் கையையும் காலையும் தடவிப் பார்த்தாய். பிறகுதான் கேட்டாய்.

"பேப்பர் பாக்கலியா மக்கா?"

"எந்தப் பேப்பர்?"

அவ்வளவுதான் சொன்னேன். பேப்பர் என் நெஞ்சின் மேல் இருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாது என்று சொல்லியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்? ஒன்றும் செய்திருக்க மாட்டாய். எனக்கு அது அன்றைக்கே தெரியும். ஆனால் பட்டறை முழுக்கத் தெரிந்துவிடும், முதலாளி என்னை வண்டி எடுக்க விடமாட்டார், இத்தனை நாள் பேப்பர் வாசித்த ஆள் என்று சிரிப்பார்கள். அந்த வெட்கம் எனக்கு உன்னைவிடப் பெரிதாகப் போய்விட்டது.

நீ வயலில் இறங்கிச் சக்கரத்தை எடுத்து வந்து மாட்டினாய். உடையாமல் நின்ற போல்ட்டுகளில் புது நட்டுகளை எதிரும் புதிருமாக முறுக்கினாய். கயிற்றைக் கட்டினோம். பட்டறைவரை நீ பின்னால், நான் முன்னால். கண்ணாடியில் உன் முகம் தெரிந்தது. நீ என் லைட்டைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாய். நான் கண்ணாடியைத் திருப்பிவிட்டேன்.

பட்டறையில் முதலாளி கேட்டார். "எழுதி ஒட்டினேன்னு சொல்லுத. பேப்பர் எங்கலே?"

நீ சீட்டுக்கு அடியில் தேடினாய். மிதியடியைத் தூக்கிப் பார்த்தாய். குப்பைக் கூடையைக் கவிழ்த்தாய். முதலாளி என்னைப் பார்த்தார். "ஸ்டியரிங்ல ஒண்ணும் இல்ல மொதலாளி" என்றேன். நீ குப்பையிலிருந்து நிமிர்ந்து, கொஞ்ச நேரம் உன் கையையே பார்த்தாய். பிறகு மெதுவாக, "ஒட்டினேன்னுதான் நெனச்சேன்" என்றாய்.

அந்தச் சொல்லோடு உன்னிடம் ஏதோ ஒன்று கழன்றுபோனதை நான் பார்த்தேன். நீ என்மேல் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நீ என்னை நம்பினாய், உன்னை நம்புவதை விட்டுவிட்டாய்.

அதற்குப் பிறகு நீ எந்த நட்டையும் ஒரு தடவை முறுக்கவில்லை. முறுக்குவாய், போவாய், திரும்பி வந்து முறுக்குவாய். மாற்றிய பல்பைப் போட்டுப் போட்டு அணைப்பாய். வீட்டுக்குப் போகிற வழியில் பாதி தூரத்தில் திரும்பி வந்து பட்டறைப் பூட்டை இழுத்துப் பார்ப்பாய். உனக்கு 'ரெண்டாம் முறுக்கு' என்று பெயர் வைத்தார்கள். "ஏலே ரெண்டாம் முறுக்கு, சாயா குடிச்சியா, இல்ல குடிச்சேன்னு நெனச்சியா?" என்று பட்டறைப் பெயிண்டர் கேட்க எல்லாரும் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய். நானும் சிரித்தேன். அதுதான் எனக்கு இப்போதும் நெஞ்சில் குத்துகிறது.

ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்க்க வந்தபோது பழைய கதை எல்லாம் பேசினோம். உன் வீட்டுக்காரி, மைனி, வெந்நீர் எடுக்கப் போன நேரம், "மக்கா, அன்னைக்கு நான் அந்தப் பேப்பர ஒட்டினேனா?" என்று கேட்டாய். இத்தனை வருடம் கழித்து. உனக்கு நேரம் அதிகம் இல்லை என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். "பழசெல்லாம் எதுக்கு மக்கா, ஒறங்கு" என்றுதான் வந்தது. நான்காம் நாள் நீ போய்விட்டாய்.

பேப்பர் என்னிடம்தான் இருந்தது. கீழே போட்டால் யாராவது எடுத்து வாசித்துவிடுவார்கள் என்று பயந்து, லைசென்ஸ் உறைக்குள் செருகியிருந்தேன். பல்பு மாற்றிய அன்று மத்தியானம் அதை எடுத்தேன். மடிப்பில் மை அழிந்திருந்தது. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினேன். "முன் இடது வீல் நட்டு முறுக்கவில்லை. எடுக்காதே மக்கா. பிளாஸ்கில் சாயா இருக்கு. நான் வருவதுவரை இரு."

எல்லாருக்குமாக எழுதியது என்று நினைத்திருந்தேன். எனக்கு எழுதியிருக்கிறாய். எனக்கு வந்த முதல் கடிதம் அது. சாயா இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

மறுநாள் மைனியைப் பார்க்கப் போனேன். மரச்சீனிக் கிழங்கின் தொலியை உரித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொல்லிவிட்டுப் பேப்பரை வாசித்தேன். இரண்டு இடத்தில் தடுமாறினேன். அவள் கத்தியைக் கீழே வைத்து, கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள்.

"அவருக்க எழுத்துதான்" என்றாள். மடிப்பைப் பெருவிரலால் நீவினாள். "கேஸ அடச்சியா, கதவப் பூட்டினியான்னு எத்தன வாட்டி எழும்புவாரு தெரியுமா? உங்களுக்குப் பிராந்து பிடிச்சிட்டான்னு நானும் ஏசியிருக்கேன். செத்த அன்னைக்கு விடியக்காலத்தயும், லைட்ட அணச்சியான்னாரு."

"மைனி, நான்..."

"நீங்க அழண்டாம். அழுதா நான் சும்மா இருங்கன்னு சொல்லணும். அது எனக்க வாயில வராது."

நான் எழுந்து நின்றேன். அவள் என்னை உட்காரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

"எனக்கிட்ட சொன்னா தீந்துபோவுமா? மகன் அந்தப் பட்டறையிலதான் வேலைக்கு நிக்கான். அவனையும் ரெண்டாம் முறுக்குக்க மகன்னுதான் கூப்பிடுதானுவ. அங்க போயி அம்புட்டு பேருக்கும் முன்னால சொல்லுங்க."

"சொல்லுதேன் மைனி. திங்கக்கிழமை போறேன்." பேப்பருக்காகக் கையை நீட்டினேன். அவள் தரவில்லை. உள்ளே போய் வேதப்புத்தகத்துக்குள் வைத்துவிட்டு வந்தாள்.

"அன்னைக்கு அவரு கையில பேப்பர் இல்லாமத்தானே நின்னாரு. நீங்களும் பேப்பர் இல்லாம நில்லுங்க. நம்புதானுவளான்னு பாப்போம்."

அவள் மறுபடி கத்தியை எடுத்து மரச்சீனியை உரிக்கத் தொடங்கினாள்.

நாளை திங்கட்கிழமை. உன் மகனுக்கு நாற்பது வயதாகிறது. நிற்பது உன்னைப் போலவே. பெயிண்டர் இன்னும் இருக்கிறான், சிரிப்பான். வயசான காலத்தில் செத்தவனுக்காகக் கதை கட்டுகிறான் என்று சொல்வார்கள். வாசிக்கத் தெரியாமலா இத்தனை வருடம் இருந்தாய் என்று கேட்பார்கள். நம்பாவிட்டால் மறுநாளும் போய்ச் சொல்வேன். உன் நான்கு வரியும் எனக்கு மனப்பாடம். அதைத்தான் அங்கே சொல்லப்போகிறேன், சாயாவையும் விடாமல்.

அடுத்த வாரம் எழுதுகிறேன். உன் மகன் என்ன சொன்னான் என்று. அவன் என்னை ஏசினால், ஏசியதை அப்படியே எழுதுகிறேன்.

நீ ஒட்டினாய் மக்கா. ஸ்டியரிங்கின் நடுவில், நேராக.