கோமாளிகள் இருவர், ஒரு முதலை

ஒக்டோபர் 14, செவ்வாய்
மத்தியானத்திலிருந்து மழை. அலுமாரிக்கு மேல் ஒழுக்கு. அங்கிருந்த பெட்டிகளை இறக்கினேன். ஒன்று தம்பி வேணுவுடையது, கனடா போகும்போது விட்டுப் போனது. உள்ளே பழைய ரெக்கோட் பிளேயர், அறுந்த வயர், ஒரேயொரு இசைத்தட்டு. அட்டைப் போட்டோவில் தலையெல்லாம் மாவோடு ஒரு குண்டுக் கோமாளி, ஏணியில் சிக்கிய ஒல்லிக் கோமாளி. நடுவில் தொப்பி போட்ட கார்ட்டூன் முதலை.
நாளை: பிரஷர் மாத்திரை, தபால் கந்தோர், வயர்.

ஒக். 15, புதன்
கட்டுகஸ்தோட்டையில் ரேடியோ திருத்துபவர் அரை மணியில் சரி செய்தார். "இப்ப யாரு டீச்சர் இதெல்லாம் கேக்குறது?" நான்தான் என்று சொல்ல வெட்கம். காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.
நாலு மணிக்குப் போட்டேன். பாட்டில்லை, பகிடி நாடகம். வேகமான ஆங்கிலம், பாதி புரியவில்லை. குண்டர் தடாலென்று விழுகிறார், சட்டி உருளுகிறது, முதலை மூக்கால் ஏசுகிறது. ஒரு மண்டபமே சிரிக்கிறது. நானும் சிரித்தேன், சத்தமாக. ஓய்வு பெற்று ஆறு வருடத்தில் இந்த வீட்டில் இப்படியொரு சத்தம் கேட்டதில்லை. மூன்று தரம் போட்டேன்.

ஒக். 16, வியாழன்
வெயில். உடுப்புக் காயப் போடும்போது மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுப் பரீனா.
"டீச்சர், ஊட்டுக்கு ஆக்கள் வந்தீக்காங்க போல? நேத்து ஒரே சிரிப்பு!"
"தம்பி வந்திருக்கான். கூட்டாளிமாரோட."
ஏன் அப்படிச் சொன்னேன்? முப்பது வருடம் பிள்ளைகளைப் பொய் சொல்லாதே என்று அதட்டியவள்.
ஒரு மணிக்குப் பரீனா வீட்டிலிருந்து நாலு பேருக்குப் புரியாணி வந்தது. அப்படியே மூடி வைத்தேன்.
ஏழு மணிக்கு வேணுவுக்குப் போன். "வேலையில இருக்கேன்க்கா, பொறகு எடுக்கிறேன்." எடுக்கவில்லை.

ஒக். 17, வெள்ளி
தம்பி போய்விட்டான் என்று பரீனாவிடம் சொன்னேன்.
"எப்ப? காலையில இருந்து நான் கேட் வாசலடியிலதானே நிண்டேன். காணல்லியே."
உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். இசைத்தட்டைத் தொடவில்லை.
தலையிடி. இரவுக்கு இரண்டு துண்டு பாண்.

ஒக். 18, சனி
தாங்க முடியவில்லை. பின்னேரம் சத்தத்தைக் குறைத்துப் போட்டேன். கதவு தட்டும் சத்தம். பரீனா. தட்டிய கையோடு கதவைத் திறந்துவிட்டாள், நிறுத்த நேரமில்லை. அவள் கண் உள்ளே போனது: ஒரு கதிரை, ஒரு கோப்பை. அந்த நேரம் பார்த்து மண்டபம் முழுக்கச் சிரிப்பு.
"இவங்கதானா அந்த ஆக்கள்?"
"இவங்கதான்."
அவள் சிரிக்கவுமில்லை, ஏசவுமில்லை. அட்டையை எடுத்துப் பார்த்தாள். "இந்த ரெண்டு பேரும் நெசம். முதலை மட்டும் பொய்யா?"
"ம்."
"முதல்ல இருந்து போடுங்க."
கதிரையை அவளுக்குக் கொடுத்து, குசினியிலிருந்து ஸ்டூலை எடுத்து வந்து உட்கார்ந்தேன். ஆங்கிலம் ஒரு சொல்லும் அவளுக்குத் தெரியாது. சட்டி விழும்போது மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பக்கம் முடிந்தும் எழும்பவில்லை.
"புள்ளைகள்ட வாப்பா தெல்தெனிய கடைக்குப் போனா ராவைக்குத்தான் வருவார். புள்ளைகள் கொழும்புல. எங்கட ஊட்டுல ஒரு சத்தமும் இல்ல டீச்சர். அதான் ஒங்கட ஊட்டுச் சத்தமெல்லாம் எனக்குக் கேக்குது."
மறு பக்கத்தைப் போட்டேன்.