பட்டாலியன் வரலாறும் என் இடது கையும்

மார்ச் 14, காலை 6.10. ஆஜர் சொன்னவர்கள் 412 பேர். போருக்கு வந்தபோது 700.

என் வாயாடிக்கு,

எழுத்து கோணலா இருக்குன்னு சிரிக்காதே, இடது கையால் எழுதுகிறேன். வலது கையைப் பற்றி நேரில் பேசலாம்.

"இனி உன்னால ரேடியோ ரிப்பேர்தான் முடியாது, நம்ம பட்டாலியன் வரலாறாவது எழுதுப்பா" என்று மேஜர் உட்காரவைத்துவிட்டார். என்னைப் பற்றி எழுது என்று ஆளாளுக்கு ஒரே நச்சரிப்பு.

"தம்பி, குண்டு விழுந்தப்பவும் நான் அடுப்பை அணைக்கலைன்னு எழுது" என்கிறார் சமையல்காரர்.

"சோறு அடிப்பிடிச்சதையும் எழுதவா அண்ணே?"

"அதை எதிரி தலையில போட்டுடு!"

நம் மகளை நான் இன்னும் பார்க்கவில்லை. கொஞ்சம் பயமாக இருக்கிறது.

இனி செய்யப்போவது:

1. நச்சரிக்க வர முடியாதவர்களைப் பற்றி முதலில் எழுதுவேன்.
2. வெள்ளிக்கிழமை ரயில் ஏறுவேன்.
3. மகளை ஒரு கையால் தூக்கப் பழகுவேன். நீ பக்கத்திலேயே நில்.

உன் அவசரக்காரன்