அவள் திரும்பிப் போக வேண்டாம்

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், எனக்குக் கோபம் மட்டும்தான் கொஞ்சம் ஏறியிருக்கிறது. நீ அங்கே ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்கப் போவதில்லை, சாப்பிடுவதுமில்லை தூங்குவதுமில்லை என்று போனில் உன் குரலே சொல்லிவிட்டது. அப்பா மாடிக் குழாயைத் தானே சரிசெய்கிறேன் என்று கிளம்பினார், இப்போது கீழ்வீட்டுச் சுவரும் சேர்ந்து ஒழுகுகிறது, ஆளைக் கூப்பிடலாம் என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்.

உன் நாவலைப் படித்துவிட்டேன். அச்சகத்தில் அத்தனை வருடம் புரூஃப் பார்த்த பழக்கம், கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கித்தான் வாசிப்பேன், கதை இழுத்துக்கொண்டு போய்விட்டால் பிழை கண்ணில் படாது. உன்னுடையதையும் அப்படித்தான் சிவப்புப் பேனாவோடு ஆரம்பித்தேன். உன் கதாநாயகி பெட்டியைத் தூக்கிக்கொண்டு புருஷன் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு இறங்குகிறாளே, அங்கேயே பேனாவை மூடிவிட்டேன். முதல் பக்கத்துக்குப் போய் எல்லாரையும் போல முன்னாலிருந்து படித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை அப்பாதான் ஓடிவந்து அணைத்தார். பிழைகள் நிறைய இருக்கின்றன, அதற்காகப் பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம்.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். பதிப்பகத்துக்கு இந்த முடிவை மட்டும் அனுப்பியிருக்கக் கூடாதா? அவர்களுக்குப் பிடிக்காமல் போய்விடுமோ என்று பயந்து, அவள் புருஷனிடமே திரும்பிப் போகிற மாதிரி இன்னொரு முடிவும் எழுதி, எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று இரண்டையும் அனுப்பியிருக்கிறாய். யாரும் கேட்பதற்கு முன்பே இப்படி விட்டுக்கொடுப்பார்களா? அவர்கள் இரண்டாவதைத்தான் எடுப்பார்கள், எடுத்தும்விட்டார்கள். நீ உன் புருஷன் வீட்டை விட்டு வந்தபோது திரும்பிப் போ என்று சொல்லாதவர்கள் நானும் அப்பாவும்தான். இன்றைக்குப் புத்தகத்தில் நீயே அவளைத் திருப்பி அனுப்பினால் எனக்கு வயிறு எரியாதா?

உன் பதிப்பாசிரியர் எனக்கே போன் செய்தார், அச்சகத்து நாட்களிலிருந்து என் எண் அவரிடம் இருக்கிறது. நீங்க சொன்னா கேப்பாங்கம்மா, முடிவு கொஞ்சம் இதமா இருந்தா நல்லா விக்கும் என்றார். நான் சொன்னா கேக்கமாட்டா, அப்படித்தான் வளத்திருக்கேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். உன் பெரிய அத்தையும் வந்தார், நம்ம வீட்டு விஷயம் எல்லாம் புத்தகத்துல வரணுமா என்று ஆரம்பித்தார். படிச்சுட்டீங்களா அண்ணி என்று கேட்டேன். இல்லை என்றார். அப்ப புத்தகம் வந்ததும் வாங்கிப் படிச்சுட்டு வாங்க, பேசலாம் என்று காபியைக் கையில் கொடுத்தேன்.

நீ இன்னும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை, அதுவரை புத்தகம் உன்னுடையது. முதல் முடிவுதான் முடிவு என்று இரண்டே வரியில் எழுது, மன்னிப்பெல்லாம் கேட்காதே. உன் சம்மதம் இல்லாமல் எதையும் மாற்றக் கூடாது என்று எழுத்தில் வாங்கு. உரிமை எத்தனை வருடத்துக்கு, மொழிபெயர்ப்பும் சினிமாவும் யாருக்கு, அச்சில் இல்லாமல் போனால் புத்தகம் எப்போது உன் கைக்குத் திரும்பும், எல்லாவற்றையும் கேள். கேட்டதற்கே கோபித்துக்கொள்கிறவர்கள் நாளைக்கும் உன்னை மரியாதையாக நடத்தமாட்டார்கள். மாட்டோம் என்றால் வேறு இடம் பார்ப்போம், நாளாகும், ஆகட்டுமே. எங்கிருந்தாவது மறுப்பு வந்தால் அன்றைக்கு நன்றாக அழு, மறுநாள் அடுத்த இடத்துக்கு அனுப்பு. பதில் வந்ததா வந்ததா என்று போனைத் தடவிக்கொண்டே இருக்காதே, படுக்கும்போது அதைச் சமையலறையில் வை. கூட எழுதுகிறவர்களுக்குப் பரிசு கிடைத்தால் பொறாமை வரத்தான் செய்யும், வரட்டும், அதற்காக மேஜையை விட்டு எழுந்துவிடாதே. அப்படியும் தூக்கம் வரவில்லை என்றால் மருத்துவரைப் போய்ப் பார், அதில் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

நீ நிமிர்ந்து நட, நூறு புத்தகம் எழுது, எங்கள் ஆயுசையும் சேர்த்து நன்றாக இரு. ஒன்று மட்டும் மறக்காதே. கதை இப்படியே வந்தா உனக்கு அவமானமா இருக்குமாம்மா என்று போன வாரம் கேட்டாயே, அதற்கு என் பதில் இதுதான். சமர்ப்பணத்தில் வெறுமனே அம்மாவுக்கு என்று போட்டிருக்கிறாய். அது போதாது, எந்த அம்மா என்று ஊருக்கு எப்படித் தெரியும்? என் முழுப் பெயரையும் இனிஷியலோடு போடு.

உன் அம்மா