ஒன்பதரை காட்டும் வாட்ச்

மாசி 5, சனி

விடிகாலைப் பனி. எதிர் மதில் பாதிக்கு மேல் தெரியவில்லை. கொத்தமல்லி மறந்துவிட்டது. +2 பிராக்டிகல் செவ்வாய் முதல், லேபில் கம்பி அளக்கிற ஸ்க்ரூ கேஜில் இரண்டு தகராறு. யாரிடம் சொல்ல.

இவர் ஓடிவிட்டு வந்தார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஏழு மாசம். மெதுவாக ஓடலாம் என்று புத்தூர் டாக்டர் விட்டபோது இரண்டே நிபந்தனை. ஒரு கிலோமீட்டருக்கு எட்டு நிமிஷமாவது ஆக வேண்டும், அதற்குள் ஓடி முடித்தால் வேகம் ஜாஸ்தி என்று அர்த்தம். ஓடும்போது வாய்விட்டுப் பேச முடிய வேண்டும்.

இன்று வாட்ச் காட்டியது ஒன்பதரை நிமிஷம். கையை நீட்டிக் காட்டினார். "பாரு, ஆமை தோத்துடும். டாக்டர் குடுத்த கோட்டாவே இன்னும் மிச்சம் இருக்கு."

பனியனைப் பிழிந்தால் ஒரு சொம்பு வரும். ஆமைக்கு இவ்வளவு வேர்க்குமா? கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயம். தோசை வார்த்தேன்.

மாசி 6, ஞாயிறு

பனி இல்லை. வெயில் சீக்கிரமே.

கோயிலைச் சுற்றியிருக்கிற உத்திர வீதியைத்தான் சுற்றுகிறார், ஒவ்வொரு சுற்றிலும் நம் ஜன்னலைத் தாண்டிப் போக வேண்டும். ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே ஓடுவது வழக்கம். தாண்டும்போது ஒரு வரி காதில் விழும். பேச முடிகிறதா என்று தனியாகப் பரீட்சை வேண்டாம், பெருமாளே வைத்துவிட்டார் என்று இருந்தேன்.

இன்று முதல் சுற்றில் கேட்டது. இரண்டாவதில் அரை வரி. மூன்றாவதில் ஷூ சத்தம் மட்டும்.

கரண்டியோடு வாசலுக்கு ஓடினேன். முதுகுதான் தெரிந்தது. திரும்பி வருகிறவரைக்கும் எனக்கு உயிர் இல்லை. வந்தவர் முதலில் பார்த்தது வாட்சை. கிலோமீட்டருக்கு ஒன்பது நாற்பது. முகம் சுண்டிப்போயிற்று. ஏன்?

சாயங்காலம் பெங்களூரிலிருந்து மைதிலி போன். வாட்ச் அவள் வாங்கிக் கொடுத்ததுதான். "அம்மா, ஆப்ல எனக்கு எல்லாம் வந்துண்டே இருக்கு. அப்பா சமத்தா மெதுவாத்தான் ஓடறா. நீ சும்மா சும்மா பயந்துண்டு அவரையும் பயமுறுத்தாதே."

பெண்ணுக்கு பெங்களூரில் தெரிகிறது. ஜன்னலில் நிற்கிற எனக்குத் தெரியவில்லையாம்.

மாசி 8, செவ்வாய்

பிராக்டிகல் முதல் நாள். ஒரு பெண் ஸ்க்ரூ கேஜ் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று சுழிப்பிழை பார்க்காமலே கம்பியின் விட்டத்தை அளந்துவிட்டாள். "கருவியை முதல்ல சோதிக்கணும், அப்புறம்தான் கம்பி" என்று திட்டினேன். திட்டிக்கொண்டிருக்கும்போதே தோன்றியது. வாட்சை யார் சோதித்தார்கள்?

மாசி 9, புதன்

காலையில் காய்கறி சாக்கு சொல்லி ஸ்கூட்டரில் இவர் பின்னாலேயே ஒரு முழுச் சுற்று. வாட்ச் காட்டிய தூரத்தைவிட வண்டி மீட்டர் நிறையவே கூடுதல். ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டினால் வேகமும் குறைந்துதானே தெரியும். கணக்குப் போட்டேன். கிலோமீட்டருக்கு ஏழு நிமிஷத்துக்கும் கீழே வருகிறது. மறுபடி போட்டேன். அதேதான்.

சொன்னேன். சிரித்தார். "ஆகாசத்துல இருக்கற சாட்டிலைட் பொய் சொல்றது, உன் ஓட்டை ஸ்கூட்டர் சத்தியம் பேசறதா?"

"நாளைலேர்ந்து ஓட வேண்டாம்னா."

பேப்பரைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார்.

மாசி 11, வெள்ளி

நேற்றும் போனார், இன்றும் போனார். ஜன்னலில் நிற்காமல் இருந்து பார்த்தேன். அது இன்னும் மோசம்.

இவர் குளிக்கப் போனபோது போனில் அந்த ஆப்பைத் திறந்து, ஓடின வழியை மேப்பில் பார்த்தேன். வீதி மாதிரியே இல்லை. மூலைக்கு மூலை வெட்டிக்கொண்டு போகிறது. எதிர்வீட்டு அடுக்களைக்குள் புகுந்து, கொல்லை வழியாக மதிலைத் துளைத்து வெளியே வருகிறார்.

மைதிலியைக் கூப்பிட்டேன். தேடிப் பார்த்துச் சொன்னாள். சார்ஜ் மிச்சம் பிடிக்க இவர் ஒரு மோடில் போட்டு வைத்திருக்கிறார். அதில் போட்டால் வாட்ச் எப்போதாவது ஒரு தடவைதான் இருக்கிற இடத்தைப் பார்த்துக்கொள்ளுமாம். நடுவில் நேர்கோடு. சதுர வீதியில் எல்லா மூலையும் போச்சு. ஃபேனை அணை, லைட்டை அணை என்று உயிரை எடுக்கிற மனுஷர், வாட்சிலும் கை வைத்துவிட்டார். பாழாய்ப்போன சிக்கனம்.

அப்புறம் மைதிலி, "அம்மா, நான் பார்த்துண்டுதானே இருந்தேன்" என்றாள். குரல் சின்னதாகிவிட்டது. அவளைத் தேற்ற என்னிடம் ஒன்றும் இல்லை.

இவரிடம் மோடை மாற்றச் சொன்னேன். "மெஷின்ல நோண்டாதே." டாக்டரிடம் போகலாம் என்றேன். "வாட்ச் ரிப்பேருக்கா?" கடைசியில் ஒரே ஒரு சம்மதம் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை ஸ்டேடியம். அங்கே ஒரு சுற்று நானூறு மீட்டர், கோடு போட்டு அளந்தது. மெதுவாக, ஒரே ஒரு சுற்று.

மாசி 13, ஞாயிறு

காவிரிப் பாலத்தில் நல்ல காற்று. ஸ்கூட்டர் பின்சீட்டில் இவர்.

ஸ்டேடியத்தில் இறங்கியதும் டிராக்கை ஒரு தரம் பார்த்தார், பழக்கதோஷத்தில் பிரதட்சிணமாகக் கிளம்பிவிட்டார். எதிரே பயிற்சிப் பெண்கள் கூட்டம் பாய்ந்து வருகிறது. கோச் விசில் ஊதி, "சார், சார், ராங் சைடுல போறீங்க. இடது பக்கமா சுத்துங்க" என்று கத்தினார். இவர் நின்று திருதிருவென்று முழித்தார். "அப்பிரதட்சிணமா ஓடறதா?" என்று என்னைக் கேட்கிறார். நடுவில் புல்தரைதான் இருக்கிறது, பெருமாள் இல்லை, ஓடுங்கோ என்றேன்.

ஓடினார். வாட்ச் முந்நூறு மீட்டர்கூடக் காட்டவில்லை. கோச்சே எட்டிப் பார்த்து, "தூக்கிப் போடுங்க சார்" என்றார்.

இனி நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். இவரோ புல்லில் உட்கார்ந்து சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பு. "அப்போ ஏழுக்குள்ள ஓடிண்டிருந்திருக்கேன். தினமும். நான் நன்னாத்தாண்டி இருக்கேன்."

ஆபத்து என்று நான் கொண்டுவந்து காட்டியதை சர்டிபிகேட்டாக எடுத்துக்கொண்டுவிட்டார்.

அதே நாள், சாயங்காலம்

காபி டம்ளர் கையில் வைத்துக்கொண்டு தானாகவே சொன்னார். எழுதக் கை வரவில்லை, எழுதுகிறேன்.

"மூணாவது சுத்துல கோபுரத்தாண்ட வரச்சே நெஞ்சுல ஒரு பிடி. ரெண்டு வாரமா. ஒம்பதரைல போறதுக்கே இப்படின்னா ஸ்டென்ட் அடைச்சுண்டாச்சுன்னு நெனச்சேன். எப்படியாவது எட்டுக்குக் கொண்டுவந்துட்டா ஒண்ணுமில்லேன்னு ஆயிடும். அதான் இழுத்துப் பிடிச்சு ஓடினேன்."

மெதுவாகிவிட்டோம் என்ற பயத்தில் வேகமாக ஓடியிருக்கிறார். நெஞ்சைப் பிடிக்கப் பிடிக்க இன்னும் வேகமாக.

"என்கிட்ட ஏன்னா சொல்லலை?"

"உன் மூஞ்சியைப் பார்த்தா சொல்லத் தோணுமா? ஏற்கெனவே பாதி செத்துண்டிருந்தே."

ஒரே வீட்டில் ஆளுக்கொரு பயத்தைத் தனித்தனியாக ஒளித்து வைத்துக்கொண்டு தோசை சாப்பிட்டிருக்கிறோம். கோபம் வந்தது. டம்ளரைப் பிடுங்கி வைத்தேன். காரணம் தெரிந்துவிட்டதே, இனி மெதுவாக ஓடினால் போச்சு, டாக்டர் எதற்கு என்கிறார்.

டாக்டருக்கு நானே போன். இப்போது வலி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. "வந்துச்சுன்னா ஒரு நிமிஷம்கூட யோசிக்காதீங்கம்மா, நேரா எமர்ஜென்சிக்கு வந்துடுங்க. இல்லன்னா காலையில முதல் ஆளா கூட்டிட்டு வாங்க. ஓட்டம் மட்டும் வேண்டவே வேண்டாம்."

ஷூ இரண்டையும் எடுத்து அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

மாசி 14, திங்கள்

புத்தூர், ஆஸ்பத்திரி. ஸ்கூலுக்கு லீவு. பிராக்டிகல் நேரத்தில் லீவா என்று ஹெச்.எம். போனிலேயே முனகினார். முனகட்டும்.

இ.சி.ஜி. எடுத்தாயிற்று. அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாதாம். டிரெட்மில்லில் ஓடவைத்துப் பார்க்கணும், டாக்டர் பக்கத்திலேயே இருப்பார். மார்பில் வயர் ஒட்டுவதற்காக இவர் சட்டையைக் கழற்றினார். இவ்வளவு இளைத்துவிட்டாரா, வீட்டில் கண்ணில் படவில்லையே.

உள்ளே இருந்த பெண்ணிடம், "அந்த மெஷின் காட்டற வேகம் சரிதானே? செக் பண்ணியிருக்கேளா?" என்று கேட்டேன்.

"என்ன மேடம்?"

"ஒண்ணுமில்லை."

இவர் வாட்சைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் என் கையிலேயே கட்டிக்கொண்டேன். "பயமா இருக்காடி?" என்றார். இல்லை என்றேன். கதவைச் சாத்திவிட்டார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. என் நாடி நூற்றிருபது என்று காட்டுகிறது. கழற்றிப் பையில் போட்டேன்.

மெஷின் சத்தம் ஆரம்பித்துவிட்டது. கொஞ்சம் மெதுவாக. இப்போது வேகத்தைக் கூட்டுகிறார்கள்.